செந்தூல் அக்காவுக்குப் பெற்றோர்களின் நன்றி

கோலாலம்பூர் செந்தூலில், பிள்ளைகளின் தமிழ்ப்பள்ளி முதலாம் ஆண்டுப் பதிவுக்கு அலைந்த எங்களை உட்கார வைத்து, ஒவ்வொரு படிவமாகப் பார்த்துக் கொடுத்த அக்காவுக்கு மனமார்ந்த நன்றி. பெயர் போட வேண்டாம் என்றீர்கள், போடவில்லை.

பிறப்புப் பத்திரம், மைகிட் (பிள்ளையின் அடையாள அட்டை), அம்மா அப்பா இருவரின் ஐசி (அடையாள அட்டை), மின்சார பில், எல்லாம் அசலும் நகலும். பலருக்குச் சிக்கல் முகவரியில்தான்: ஐசியில் பழைய வீடு, பில்லில் வீட்டுக்காரர் பெயர். முதலில் தேசியப் பதிவு இலாகாவில் ஐசி முகவரியை மாற்றச் சொன்னீர்கள். வாடகை ஒப்பந்தத்தையும் கூடவே வைக்கச் சொன்னீர்கள். பிள்ளையின் பெயரை, மகன், மகள் என்று குறிக்கும் ஏ/எல், ஏ/பி வரைக்கும் பத்திரத்தில் விரல் வைத்து எழுத்தெழுத்தாக ஒப்பிட்டது இன்னும் கண்ணிலேயே நிற்கிறது.

ஆறாம் ஆண்டுப் பெற்றோருக்குச் செய்தது அதைவிடப் பெரிது. மலாய் தேறாவிட்டால், இடைநிலைப்பள்ளியில் முதல் படிவத்துக்கு முந்திய புகுமுக வகுப்பில் ஒரு வருடம் கூடுதலாகப் போகும். நான்காம் ஆண்டிலிருந்தே தினமும் வாசிக்க வைக்க வேண்டும். இடைநிலைப்பள்ளியில் தமிழ் வகுப்பு இல்லையா? 1996 கல்விச் சட்டப்படி குறைந்தது 15 மாணவர்களின் பெற்றோர் கேட்டால் வசதி செய்து தர வேண்டும். கடிதத்தில் பிள்ளையின் பெயர், வகுப்பு, பெற்றோர் கையொப்பம் இருக்கட்டும் என்றீர்கள். பதினான்கில் நின்ற பட்டியலுக்குப் பதினைந்தாவது வீட்டைத் தேடி நீங்களே போனீர்கள், அக்கா.