லீட்ஸில் இருக்கும் மருமகனுக்கு, உச்சந்தலை விஷயமாக

அன்புள்ள மருமகனே,

வேர்ஹவுஸில் எல்லோரும் உன்னை ‘ஸ்லாப்ஹெட்’ என்று கூப்பிடுகிறார்கள், கோபப்படுவதா சிரிப்பதா என்று கேட்டிருந்தாய். கூடவே விக் என்ன விலை என்றும் கேட்டிருந்தாய். அந்த இரண்டாவது கேள்விதான் என்னைப் பயமுறுத்திவிட்டது. முடி கொட்டிய மற்ற மருமகன்களுக்கும் உதவட்டும் என்று பொதுவிலேயே எழுதுகிறேன். உன் பெயரைப் போடவில்லை. போட்டால் அக்கா என்னை விடமாட்டாள்.

‘ஸ்லாப்ஹெட்’ அசல் பிரிட்டிஷ் சரக்கு. பளாரென்று ஒன்று வைக்கத் தோன்றும் தலை. நம்மூரில் மொட்டை போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போனால் பின் பெஞ்சுக்காரன் கை சும்மா இருக்காதே, அதே அரிப்புதான். இங்கே பென்னி ஹில் என்ற காமெடி நடிகர் தன் டிவி நிகழ்ச்சியில் ஜாக்கி ரைட் என்ற குள்ளமான வழுக்கைத் தலையரின் உச்சியில் படபடவென்று தட்டுவார். அதற்கு ஒரு தேசமே வருஷக்கணக்கில் சிரித்தது. ஆகவே சொல்லை விடு, சொல்கிறவன் யாரென்று பார். டீ போடப் போகும்போது உன் கோப்பையையும் கேட்டு வாங்கிப் போகிறவன் சொன்னால், உன்னைத் தங்களில் ஒருவனாகச் சேர்த்துக்கொண்டார்கள் என்று வைத்துக்கொள். டீயும் தராமல் பெயரை மட்டும் தருகிறவன் விஷயம் வேறு. அந்தக் கதைக்குக் கடைசியில் வருகிறேன்.

அமெரிக்கர்கள் கை ஓங்குவதில்லை, பளபளப்பைத்தான் பார்ப்பார்கள். பில்லியர்ட்ஸ் மேசையின் வெள்ளைப் பந்து என்ற அர்த்தத்தில் ‘கியூ பால்’. குரோமியம் பூசிய கோபுரக் கூரை என்று ‘குரோம் டோம்’. 1960களில் அமெரிக்க விமானப்படை அணுகுண்டு விமானங்களை எந்நேரமும் வானத்தில் சுற்றவிட்டதே, அந்தத் திட்டத்துக்கும் ‘குரோம் டோம்’ என்றுதான் பெயர். 1966 ஜனவரியில் அதில் ஒரு விமானம் ஸ்பெயினின் பாலோமாரெஸ் கிராமத்துக்கு மேலே எரிபொருள் விமானத்தோடு மோதி, நான்கு ஹைட்ரஜன் குண்டுகள் கீழே விழுந்தன, அதில் ஒன்று கடலுக்குள். அணுவெடிப்பு நடக்கவில்லை, ஆனால் வயலெல்லாம் புளூட்டோனியம். வழுக்கைத் தலையன் பெயரை எதற்கெல்லாம் வைத்தார்கள் பார்.

‘கோஜாக்’ என்று யாராவது கூப்பிட்டால் அவருக்கு வயது அறுபதைத் தாண்டியிருக்கும். 1973 முதல் 1978 வரை ஓடிய அமெரிக்க போலீஸ் தொடர் அது. டெலி சவாலஸ் மழித்த தலையும் வாயில் லாலிபாப்புமாக வருவார். அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொள்.

‘எக்ஹெட்’ கொஞ்சம் வேறு ஜாதி. முட்டைத் தலை என்றாலும் அதிகம் படித்தவன் என்பதுதான் குத்தல். 1952 அமெரிக்க ஜனாதிபதித் தேர்தலில் நின்ற அட்லாய் ஸ்டீவன்சனுக்கு வழுக்கை, போதாததற்குப் புத்தகப் படிப்பு. அந்தத் தேர்தலில்தான் இந்தச் சொல் ஊரெல்லாம் பரவியது. “உலக முட்டைத் தலையர்களே, ஒன்றுபடுங்கள், இழப்பதற்கு உங்களிடம் மஞ்சள் கருவைத் தவிர வேறில்லை” என்று அவர் திருப்பிக் கொடுத்ததாகச் சொல்வார்கள். பேச்சில் ஜெயித்தார், தேர்தலில் தோற்றார். தோற்கடித்த ஜெனரல் ஐசனோவருக்கும் தலையில் ஒன்றும் கிடையாது, மருமகனே! ஜெனரலை முட்டை என்று சொல்ல யாருக்கும் தைரியம் வரவில்லை போலும்.

‘கூட் மாதிரி வழுக்கை’ என்றும் கேட்பாய். கூட் என்பது நம்ம நாமக்கோழிதான். கறுப்பு உடம்பு, நெற்றியில் மட்டும் வெள்ளைத் தகடு. நம் ஆட்களுக்கு அது நாமமாகத் தெரிந்தது, இவர்களுக்கு வழுக்கையாகத் தெரிந்தது.

இனி உன் விக்குக்கு வருவோம். காக்னிக்காரர்கள், அதாவது கிழக்கு லண்டனின் உழைப்பாளிச் சனங்கள், எதுகை பிடித்துச் சொல்லை ஒளித்துவைப்பார்கள் என்று உனக்குத் தெரியும். ‘ஹேர்’ என்பதற்கு எதுகை ‘பார்னெட் ஃபேர்’, பார்னெட் சந்தை. பின்னால் வருவதை வெட்டிவிட்டு முடியையே ‘பார்னெட்’ என்பார்கள். (முப்பது வயதில் முடியைப் பறிகொடுத்த நான் குடியிருப்பதோ பார்னெட்டில்.) அதே கணக்கில் ‘விக்’குக்கு ‘சிரப் ஆஃப் ஃபிக்ஸ்’, சுருக்கமாக ‘சிரப்’. அது மலச்சிக்கலுக்குக் கொடுக்கிற அத்திப்பழ மருந்து. நூற்றுக்கணக்கான பவுண்டு கொடுத்து வாங்கித் தலையில் வைத்தால், பேதி மருந்தின் பெயரைத்தான் ஊர் அதற்குச் சூட்டும்.

விக் வேண்டாம், பக்கத்து முடியை இழுத்து மேலே போர்த்திக்கொள்கிறேன் என்றாலும் தப்ப முடியாது. அதற்கு இங்கே ‘பாபி சார்ல்டன்’ என்று பெயர். 1966இல் இங்கிலாந்துக்குக் கால்பந்து உலகக்கோப்பை வாங்கித் தந்த அணியின் நாயகன், ஊரே கையெடுத்துக் கும்பிட்ட மனிதர். ஆனால் பந்தோடு ஓடும்போது காற்றில் பறந்த அந்த நாலு முடியை ஒருவரும் மறக்கவில்லை. அமெரிக்காவில் ஓர்லாண்டோவைச் சேர்ந்த அப்பாவும் மகனும் மூன்று பக்கத்து முடியை அடுக்கி வழுக்கையை மூடும் முறைக்கு 1977இல் காப்புரிமையே வாங்கினார்கள். 2004இல் அதற்கு இக் நோபல் பரிசும் கிடைத்தது, சிரிக்க வைக்கும் ஆராய்ச்சிகளுக்குத் தருகிற பரிசு. வெறும் தலையை ஆங்கிலக்காரர்கள் ஒரு தரம் கேலி செய்துவிட்டு மறந்துவிடுவார்கள். மூடிய தலையை விடவே மாட்டார்கள்.

டீ தராதவன் கதைக்கு வருகிறேன். உன் பக்கத்திலேயே, மேற்கு யார்க்‌ஷயரில், பீப்பாய்க்கு அடைப்பான் செய்யும் கம்பெனியில் ஒரு எலக்ட்ரீஷியன் இருபது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்தார். மேலாள் ஒருவர் சண்டையில் அவரை ‘வழுக்கை’ என்று சொல்லி, கூடவே அச்சில் ஏற்ற முடியாத வார்த்தையும் சேர்த்து, அடிப்பேன் என்று மிரட்டினார். வழக்கு தீர்ப்பாயத்துக்குப் போனது. பெண்களுக்கும்தான் வழுக்கை விழுகிறது என்று கம்பெனி வாதாடிப் பார்த்தது. தீர்ப்பாய உறுப்பினர்கள் மூவரும், ஆண்களுக்கே அதிகம், அதற்கு எங்கள் மூன்று பேர் தலையே சாட்சி என்கிற தொனியில் எழுதிவிட்டு, இது பால் சார்ந்த துன்புறுத்தல்தான் என்று 2022இல் தீர்ப்புச் சொன்னார்கள். மேல்முறையீட்டிலும் அது நின்றது. ஆகவே மிரட்டலோடு வந்தால் தேதி போட்டு எழுதி வைத்துக்கொள், யூனியனில் சொல்.

மற்றபடி அந்த டீக்காரப் பையன்களுக்கு நீயும் ஒரு பெயர் வை. ‘கர்லி’, அதாவது சுருட்டை முடியன், என்று மொட்டைத் தலையனைக் கூப்பிடுவது இவர்களுக்குப் பழைய விளையாட்டு, உன் ஷிப்டில் இன்னும் ஒரு மொட்டை இருந்தால் நீ முந்திக்கொள்.

விக் விலை எனக்குத் தெரியும், சொல்லமாட்டேன். ஜூனில் வெளியே லோடு இறக்குகிற வேலை வந்தால் உச்சியில் சன் கிரீம் தடவிக்கொள். லீட்ஸ் வெயில்தானே என்று அலட்சியம் செய்யாதே. தோல் உரிந்தால் அதற்கும் ஒரு பெயர் வைப்பார்கள்.

உன் மாமா