சின்னவன் எந்தக் காலை நொண்டுகிறான்?

கண்ணம்மா,

மூன்று நாளாக நீ போன் எடுக்கவில்லை. வேலை இருக்கும். சின்னவனுக்கு அம்மை இறங்குகிறது என்று மாப்பிள்ளை எழுதியிருந்தார். இன்று காலை, "திரும்பக் காய்ச்சல், லேசாக நொண்டுகிறான்" என்று ஒரே வரி.

அம்மைக் காய்ச்சல் தணிந்தபின் மறுபடி ஏறக்கூடாது. ஏறினால், கொப்புளம் வழியாக ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற பாக்டீரியாக் கிருமி உள்ளே போயிருக்கலாம். உடுப்பைக் கழற்றி, நல்ல வெளிச்சத்தில் தொடை இடுக்கு வரை பார். ஒரு கொப்புளத்தைச் சுற்றி மட்டும் சிவந்து சூடாக இருந்தால், சிவப்பின் விளிம்பில் பேனாவால் கோடு போட்டு நேரத்தை எழுது. வீட்டில் உட்கார்ந்து காவல் காக்க அல்ல, எவ்வளவு வேகமாகப் பரவுகிறது என்று டாக்டருக்குத் தெரிய.

தோலில் ஒன்றுமே தெரியாமல் காலைத் தொட விடாமல் அலறினால் அது இன்னும் மோசம். கிருமி சதையுறையோடு ஓடும்போது மேலே நிறம் மாறுவது பிறகுதான். கண்ணை நம்பாதே, வலியை நம்பு.

இபுப்ரோஃபென் வேண்டாம். பாராசிட்டமால் போதும்: கிலோவுக்கு 15 மில்லிகிராம், 6 மணி நேரத்துக்கு ஒரு தடவை. உன் கணக்கு பிசகாது, தெரியும். சொன்னால்தான் கோபம் வருகிறது.

நெஞ்சில் விரலால் 5 வினாடி அழுத்தி எடு. நிறம் திரும்ப 3 வினாடிக்கு மேல் ஆனாலோ, கைகால் சில்லிட்டாலோ, மூச்சு வாங்கினாலோ, 12 மணி நேரமாகச் சிறுநீர் போகாவிட்டாலோ ஆம்புலன்ஸைக் கூப்பிடு. இது எதுவும் இல்லாவிட்டாலும் நொண்டுகிற பிள்ளையை இன்றே காட்ட வேண்டும். அம்மை என்று முன்கூட்டியே போனில் சொல்லிவிட்டுப் போ. அங்கே "அம்மை, திரும்பிய காய்ச்சல், கால் வலி" மூன்றையும் ஒரே மூச்சில் சொல். பிரித்துச் சொன்னால் வைரஸ் காய்ச்சல் என்று அனுப்பிவிடுவார்கள். வலியை விடாமல் சொல்.

பென்சிலினோடு கிளிண்டமைசினும் ஏற்றினால் எதற்கு இரண்டு என்று தகராறு செய்யாதே. முதலாவது கிருமியைக் கொல்லும், இரண்டாவது அது நச்சு தயாரிப்பதை நிறுத்தும். சதை அழுகியிருந்தால் அறுத்து எடுக்காமல் எந்த மருந்தும் அங்கே போய்ச் சேராது.

எத்தனை நாள் மருந்து என்கிறார்களோ அத்தனை நாளும் கொடு. உன் ஆறு வயதுத் தொண்டைப் புண்ணுக்குப் பத்து நாள் கொடுக்க வேண்டியதை, காய்ச்சல் விட்டதும் நாலாம் நாளே நிறுத்தியவள் நான். நர்ஸ் வேலையில் இருந்துகொண்டே. நீ துப்பிவிட்டாய் என்று அப்பாவிடம் சொன்னேன். அதற்கப்புறம் அதே கிருமியால் வாதக் காய்ச்சல் வந்து, அது திரும்பாமலிருக்க மூன்று வாரத்துக்கொரு ஊசி, உனக்கு நினைவிருக்கும். அவருக்கு இன்றுவரை தெரியாது.

புறப்பட்டதும் ஒரு வரி எழுது. எந்தக் கால் என்றும்.

அம்மா