கெடாத ஒலிக்கோப்புகளைக் கெட்டவை என்று திருப்பி அனுப்பியது குறித்த புகார்

காரைக்குடி

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

ஐயா,

பழைய ஒலிப்பதிவுகளை எம்பி3 ஆக மாற்றித் தருவதாக விளம்பரம் செய்திருந்தீர்கள். அதை நம்பி ஒரு சிடியும் ரூ.1,800 பணமும் கொடுத்தேன். சிடி அப்படியே திரும்பி வந்தது. கூடவே ஒரு தாள்: "கோப்புகள் கெட்டுவிட்டன, மீட்க இயலாது." அது உண்மையில்லை.

அதில் இருப்பது எங்கள் அப்பத்தாவின் குரல். 1999-ல் சிங்கப்பூரிலிருந்து வந்த சித்தப்பா, பள்ளத்தூர் வீட்டு வளவில் அவரை உட்காரவைத்துப் பதிவு செய்தார். தாலாட்டுகள், பர்மாவில் சண்டை வந்தபோது எங்கள் ஐயா நடந்தே ஊர் திரும்பிய கதை, எல்லாம் அதில் இருக்கின்றன. ஒரு தாலாட்டைப் பாதியில் நிறுத்திவிட்டு, "அடியே, உலையில அரிசி போட்டாச்சா?" என்று அடுப்படிப் பக்கம் கேட்பார். பதில் வந்த பிறகு விட்ட அடியிலிருந்து பாட்டைத் தொடர்வார். அப்பத்தா இன்று இல்லை. இந்தக் குரலைத்தான் மீட்க முடியாது என்று எழுதிக் கொடுத்தீர்கள்.

கோப்புகள் ரியல் ஆடியோ வகையைச் சேர்ந்தவை. 1995-ல் வந்த அந்த வடிவம், தொலைபேசி வழி இணையத்தின் மெதுவான வேகத்துக்காகவே செய்யப்பட்டது. நொடிக்கு 16 கிலோபிட் வேகத்தில் ஒரு மணி நேரப் பேச்சு ஏறத்தாழ 7 எம்பியில் அடங்கிவிடும். வெளிநாட்டு உறவுகளுக்கு அனுப்ப வசதி என்றுதான் சித்தப்பா அதில் பதிந்தார். இன்றைய கணினியில் சாதாரணமாக இருக்கும் பிளேயர் அதைத் திறக்காமல் போகலாம். அதற்காகக் கோப்பே கெட்டுவிட்டது என்று எப்படி முடிவு கட்டினீர்கள்?

எங்கள் தெருவில் பொறியியல் படிக்கும் தம்பி ஒருவர் கோப்பை நோட்பேடில் திறந்து காட்டினார். புரியாத குறிகளுக்கு முன்னால், முதல் வரியிலேயே ஒரு புள்ளியும் ஆர், எம், எஃப் என்ற எழுத்துகளும் இருந்தன. இன்ன வகைக் கோப்பு என்று அதுவே சொல்லிவிடுகிறது. அப்புறம் விஎல்சி என்ற பிளேயரில் போட்டார், அப்பத்தா பாடினார். கோப்பு வகையை மாற்றும் எஃப்எஃப்எம்பெக் கொண்டு எல்லாவற்றையும் சாதாரண பிளேயரிலும் ஓடும் வேவ் கோப்புகளாக மாற்றியும் கொடுத்தார். இரண்டுமே இலவச மென்பொருள்கள். 'ரேம்' என்று முடியும் ஒரு சின்னக் கோப்பில் மட்டும் ஒலி இல்லை. அதில் இருப்பது வெறும் இணைய முகவரி. இந்த வித்தியாசத்தை நீங்கள்தான் எனக்குச் சொல்லியிருக்க வேண்டும்.

பணத்தைவிட அந்தத் தாள்தான் என்னை வருத்துகிறது. எங்கள் பக்கத்தில் மலேசியா, சிங்கப்பூர் என்று பிள்ளைகள் போன வீடுகளில் இப்படிப்பட்ட சிடிகள் நிறைய உண்டு. கம்பெனியே சொல்லிவிட்டது என்று நம்பி யாராவது குப்பையில் போட்டிருந்தால், அந்தக் குரல் போனது போனதுதான்.

ரூ.1,800-ஐத் திருப்பித் தர வேண்டும். கோப்புகள் கெடவில்லை என்று எழுத்தில் தர வேண்டும். இதே தாளை வேறு யாருக்காவது ரியல் ஆடியோ கோப்புகளுக்காகக் கொடுத்திருந்தால், சிடியை எறிய வேண்டாம் என்று அவர்களுக்கு உடனே தெரிவியுங்கள். 15 நாட்களில் பதில் வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும், சிவகங்கை மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலும் சேவைக் குறைபாடு என்று புகார் செய்வேன். ரசீதின் நகலையும் உங்கள் தாளின் நகலையும் இணைத்துள்ளேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்