நடந்துகொண்டே பேசு

அன்புள்ள பாப்பாவுக்கு,

நேற்று போனை எடுத்தபோது மூன்று மாடி ஏறி வந்ததாகச் சொன்னாய். கதவைப் பூட்டி, பையை வைத்துவிட்டு உட்கார்ந்த பிறகும் உன்னால் ஒரு வாக்கியத்தை முழுசாகச் சொல்ல முடியவில்லை. இருபத்தெட்டு வயசு உனக்கு. அப்பாவுக்கு அப்போதிருந்து மனசே சரியில்லை.

முதலில் ஒரு ரத்தப் பரிசோதனை செய்துகொள். ரத்தசோகை இருந்தாலும் இப்படித்தான் மூச்சு வாங்கும். அது இல்லை என்று தெரிந்ததும் நடக்க ஆரம்பி.

ஜிம்முக்குப் போகக் கூச்சமாக இருக்கிறது என்றாய். சரி, போக வேண்டாம். ஜெர்ரி மாரிஸ் என்ற மருத்துவர் லண்டன் மாடிப் பேருந்துகளில் வேலை பார்த்தவர்களை ஆராய்ந்து 1953-இல் முடிவுகளை வெளியிட்டார். நாளெல்லாம் உட்கார்ந்தே ஓட்டிய டிரைவர்களைவிட, படியேறி இறங்கி டிக்கெட் கொடுத்த கண்டக்டர்களுக்கு இதய நோய் குறைவாக இருந்தது. அவர்கள் உடம்புக்குக் கிடைத்த பயிற்சி வேலையோடு வந்த அந்தப் படிக்கட்டுதான்.

ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன், எடுத்த எடுப்பில் ஓடாதே. நான் ஓடினேன். ஐம்பத்திரண்டு வயதில், புது ஷூ வாங்கிய உற்சாகத்தில், தினமும். ஐந்தாம் நாள் காலையில் கட்டிலை விட்டு இறங்கிக் காலை ஊன்றியதும், முழங்காலுக்குக் கீழே முன்பக்க எலும்பை ஒட்டிச் சுரீரென்று பிடித்தது. மூன்று வாரம் நொண்டி நொண்டித்தான் நடந்தேன். பிறகுதான் புரிந்தது: இதயமும் மூச்சும் சில வாரங்களில் பழகிவிடும், எலும்புக்கும் தசைநாணுக்கும் மாதக்கணக்காகும். மூச்சு சீராகிவிட்டதே என்று நாம் வேகத்தைக் கூட்டுவோம், கால் இன்னும் தயாராகியிருக்காது.

அதனால் முதல் இரண்டு வாரம் வெறும் நடைதான். வாரத்தில் ஐந்து நாள், பத்துப் பதினைந்து நிமிடம் போதும். வேகத்தை அளக்க வாட்ச் எதுவும் வேண்டாம். நடக்கும்போது பேச வரவேண்டும், பாட வரக்கூடாது. பாட்டு தாராளமாக வந்தால் எட்டிப் போடு. பேச்சே வரவில்லையா, மெதுவாகு. அப்புறம் மூன்றாம் வாரத்திலிருந்து ஒரு நிமிடம் மெல்லோட்டம், இரண்டு நிமிடம் நடை என்று ஐந்தாறு முறை மாற்றி மாற்றிச் செய், ஒரு நாள் விட்டு ஒரு நாள். முடிக்கும்போது சட்டென்று நிற்காதே. ரத்தம் காலிலேயே தங்கித் தலை சுற்றும். ஐந்து நிமிடம் மெல்ல நடந்துவிட்டு நில். நெஞ்சு இறுக்கினாலோ கண் இருட்டினாலோ அன்றைக்கு அத்தோடு விட்டுவிட்டு டாக்டரைப் பார்.

உலக சுகாதார நிறுவனம் வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம் இப்படி மிதமான பயிற்சி வேண்டும் என்கிறது. அதைப் பார்த்து மலைக்காதே, மெதுவாக எட்டிக்கொள்ளலாம். ஒரே மூச்சில் பத்து நிமிடமாவது செய்தால்தான் கணக்கு என்று முன்பு சொல்லிவந்தார்கள். 2020-இல் அந்த நிபந்தனையையும் எடுத்துவிட்டார்கள். நீ வேலைக்கு நடுவே ஐந்து நிமிடம் நடந்தாலும் கணக்கில் சேரும்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கூப்பிடுகிறேன். உட்கார்ந்து பேசாதே, ஷூவை மாட்டிக்கொண்டு வெளியே நடந்தபடி பேசு. உன் மூச்சைக் கேட்டுக்கொண்டே இருப்பேன். பேச்சு நடுவில் அறுந்தால் மெதுவாகப் போம்மா என்று நானே சொல்லிவிடுகிறேன்.

அன்புடன்,
அப்பா