ஓர் ஆண்டு முடியட்டும், பிறகு சான்றிதழ்

ஆசிரியருக்கு,

தேனீ வளர்ப்போருக்குப் பயிற்சியும் சான்றிதழும் கொடுத்து, ஊர்தோறும் மகரந்தச் சேர்க்கை பற்றி எடுத்துச் சொல்ல வைக்கலாம் என்ற யோசனையை மனதார வரவேற்கிறோம். ஆனால் ஓரிரு நாள் வகுப்போடு முடிகிற பயிற்சிக்குச் சான்றிதழ் வேண்டாம். அக்டோபரில் ஆளுக்கு 2 பெட்டி கொடுத்து, அடுத்த அக்டோபரில் அவற்றைத் திறந்து பார்த்த பிறகு கொடுக்கலாம்.

குமரியில் ரப்பர் தளிர்க்கும் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் பெட்டி வைத்த எவருக்கும் தேன் கிடைக்கும். ஆளை அடையாளம் காட்டுவது ஜூனில் பிடிக்கிற மழை. வெளியே இரை இருக்காது. சர்க்கரையும் தண்ணீரும் சம அளவில் கரைத்துக் காய்ச்சி ஆறவைத்து, பெட்டிக்கு வாரம் 200 கிராம் சர்க்கரை என்ற கணக்கில், மாலையில், எல்லாப் பெட்டிக்கும் ஒரே நேரத்தில் வைக்க வேண்டும். பகலில் வைத்தாலோ பாகு சிந்தினாலோ வலுத்த கூட்டம் மெலிந்ததைக் கொள்ளையடித்துவிடும். தேனீக்கள் மொய்க்காத வெற்று அடைகளை, அதாவது மெழுகறைத் தட்டுகளை, எடுக்காமல் விட்டால் மெழுகு அந்துப்பூச்சி புகுந்து வலை பின்னும். கூட்டமே பெட்டியை விட்டு ஓடும்.

இதைவிடப் பெரிய சோதனை, தேனீப் புழுக்களைக் கொல்லும் தாய் சாக்புரூட் வைரஸ். 1990களின் தொடக்கத்தில் குமரியிலும் கேரளத்திலும் இந்தியத் தேனீக் கூட்டங்களில் பெரும்பகுதி அதில்தான் அழிந்தது. மூடிய புழு அறைகளில் ஓட்டை தெரியும். புழு தலையைத் தூக்கியபடி விறைத்துக் கிடக்கும். குச்சியால் எடுத்தால் நீர் நிறைந்த பை போல வரும். இதற்கு மருந்து கிடையாது. ராணியைக் கூண்டில் அடைத்துச் சில நாள் முட்டையை நிறுத்துவது, நோய் கண்ட அடைகளை எரிப்பது, தாக்குப்பிடித்த கூட்டத்திலிருந்து புது ராணி வளர்ப்பது, இவ்வளவுதான் வழி. நோய் கண்ட பெட்டியில் அடை கட்டிய மரச்சட்டத்தைத் தெரியாமல் பக்கத்துப் பெட்டிக்கு மாற்றினால் தோட்டம் முழுக்கப் பரவும். எனவே தேர்வைப் பெட்டியருகே, சட்டத்தைக் கையில் கொடுத்து நடத்த வேண்டும்.

இன்னொன்று, குமரிக்கே உரியது. மார்த்தாண்டம் தேன் என்று ஊரெல்லாம் புகழப்படும் தேனில் பெரும்பகுதி பூவில் ஊறுவதல்ல. ரப்பர் தளிரின் காம்பு நுனியில், மூன்று இலைகளும் சேரும் இடத்தில் உள்ள சுரப்பிகளில் ஊறுகிறது. அங்கே மகரந்தம் இல்லை. மகரந்தம் இல்லாமல் புழு வளராது. அதைத் தருவது தென்னை, முருங்கை, தொட்டாற்சிணுங்கி போன்றவை. களை என்று தொட்டாற்சிணுங்கியை அடியோடு வெட்டும் தோட்டத்தில் கூட்டம் மெலிவது இதனால்தான். தேன் எடுக்கத் தெரிந்த பலருக்கும் இந்தக் கணக்கு தெரியாது. பயிற்சியின் பாதியைப் பூவுக்கே ஒதுக்க வேண்டும். தன் ஊராட்சியில் எந்த மாதம் எது பூக்கிறது, எது வந்து உட்காருகிறது என்று 12 மாதமும் எழுதிய குறிப்பேட்டைக் காட்டாதவர் தேறியவர் ஆகமாட்டார்.

விவசாயியிடம் தவறாகப் பேசுவது பேசாமல் இருப்பதைவிடக் கெடுதல். பெட்டி வைத்தால் எல்லாம் காய்க்கும் என்பது பொய். கத்தரி, தக்காளிப் பூவின் மகரந்தப்பை நுனி வழியே மகரந்தம் உதிர, பூவைப் பிடித்து அதிரச் செய்ய வேண்டும். பெட்டித் தேனீ அதைச் செய்யாது; மரத்தைத் துளைத்துக் கூடு வைக்கும் கருவண்டு என்ற தச்சுத் தேனீ செய்யும். பட்டமரத்தைக் கொஞ்சம் விட்டுவைக்கச் சொல்வதும், சுவர் இடுக்கில் உள்ள, கொட்டாத கொசுத்தேனீயின் கூட்டைச் சிமெண்ட் பூசி அடைக்காதே என்பதும் சான்றிதழ் பெறுபவர்களின் வேலை. பூசணிப் பூ அதிகாலையில் விரிந்து உச்சிக்குள் வாடிவிடும்; தேனீ அதில் வருவதும் அதற்குள்தான். எனவே பூச்சிமருந்து அடித்தே ஆக வேண்டுமென்றால் பொழுது சாய்ந்த பிறகு அடிக்கச் சொல்ல வேண்டும். இமிடாகுளோப்ரிட் போன்ற பூச்சிமருந்துகள் செடிக்குள் ஊடுருவி மகரந்தத்திலும் வந்து சேரும். அவற்றைப் பூக்கும் பருவத்தில் எந்த நேரத்திலும் அடிக்கக் கூடாது.

தேர்வு நடத்தத் திருப்பதிசாரம் வேளாண் அறிவியல் நிலையமும் பேச்சிப்பாறை தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையமும் இருக்கின்றன. மழைக்காலம் பல கண்ட தேனீ வளர்ப்பாளர் ஒருவரும் தேர்வாளராக உடன் இருக்கட்டும். தேறியவரின் பெயரையும் கைப்பேசி எண்ணையும் ஊராட்சி அலுவலகப் பலகையில் எழுதி வைத்தால், கூட்டுக்குத் தீ வைக்கும் முன் கூப்பிட ஓர் ஆள் இருப்பார்.

தேனீ வளர்ப்போர் சிலர்,
குலசேகரம், கன்னியாகுமரி மாவட்டம்