டிப்பரரியிலிருந்து வந்த ஒரு தாளுக்கும், துணை நின்ற அனைவருக்கும் நன்றி

அன்புடையீர்,

வணக்கம். எங்கள் வீட்டில் அண்மையில் நடந்தவற்றை நீங்கள் அறிவீர்கள். அவற்றை மீண்டும் எழுத மனம் வரவில்லை. அம்மா நலமாக வீடு திரும்பிவிட்டார் என்பதை மட்டும் முதலில் சொல்லிவிடுகிறேன். தம் கொள்ளுப்பாட்டனார் அயர்லாந்தில் எந்த மண்ணிலிருந்து புறப்பட்டு வந்தார் என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று அவர் படுக்கையில் இருந்தபடி கேட்டதும், அதற்காக நீங்கள் அத்தனை பேரும் உங்கள் வேலைகளை ஒதுக்கிவைத்துத் தேடியதும் எங்கள் குடும்பம் உள்ளளவும் மறக்கக்கூடியவை அல்ல.

லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்திற்குச் சென்று, சென்னை மாகாணத்துத் திருமுழுக்கு, திருமணப் பதிவுகளின் படிகளையும் கிழக்கிந்தியக் கம்பெனிப் படையில் ஆள் சேர்த்த பதிவேட்டையும் பார்த்து எழுதி அனுப்பிய தம்பிக்கும், பரங்கிமலைக் கோயில் ஏடுகளைப் பார்வையிட அனுமதி பெற்றுத் தந்த உறவினர்களுக்கும், லத்தீன் வரிகளைப் பொறுமையாகப் படித்துச் சொன்ன அருட்தந்தைக்கும், பழைய கடிதங்களைத் தேடி எடுத்துத் தந்த சித்திக்கும் எங்கள் நெஞ்சார்ந்த நன்றி. பீரங்கிப் படை வீரராகப் பரங்கிமலைக்கு வந்த அந்தக் கொள்ளுப்பாட்டனார் அயர்லாந்தின் டிப்பரரி மாவட்டத்தவர் என்பதும், அவருடைய பங்கின், அதாவது கோயில் வட்டாரத்தின், பெயரும், தந்தையின் பெயரும் உங்களால்தான் தெரியவந்தன.

ஆனால் டிப்பரரியில் ரையன் என்ற குடும்பப் பெயரை வைத்துக்கொண்டு ஒருவரைத் தேடுவது எளிதன்று; ஒரே பங்கில் ஒரே பெயருடைய ரையன்கள் பலர் இருந்தார்கள். அந்நாட்டில் 1922 ஜூன் 30 அன்று, உள்நாட்டுப் போரின்போது, டப்ளின் நீதிமன்ற வளாகத்தில் இருந்த பொது ஆவணக் காப்பகம் எரிந்து, பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதி மக்கள்தொகைக் கணக்கெடுப்புகளில் பெரும்பகுதி சாம்பலாயிற்று. 1861 முதல் 1891 வரையிலான கணக்குகளையோ அரசே அதற்கு முன்பு அழித்துவிட்டிருந்தது. கத்தோலிக்கப் பங்குகளின் ஏடுகள் அந்தந்தப் பங்குகளிலேயே இருந்ததால் தப்பின. அயர்லாந்து தேசிய நூலகம் அவற்றின் நுண்படங்களை 2015இல் எல்லோரும் பார்க்கும்படி இணையத்தில் வைத்திருக்கிறது. அங்கே எங்களுக்கு வேண்டிய பெயரில், அதே தந்தைப் பெயருடன், இரண்டு குழந்தைகள் அடுத்தடுத்த ஆண்டுகளில் திருமுழுக்குப் பெற்றிருந்தார்கள். தாய்மார்களின் பெயர்கள் மட்டுமே வேறு வேறாக இருந்தன. இரண்டாம் மகளுக்குத் தந்தையைப் பெற்றவளின் பெயரை இடுவது அயர்லாந்துக் குடும்பங்களில் பரவலாக இருந்த வழக்கம் என்பதால், பரங்கிமலையில் பிறந்த இரண்டாம் மகளின் பெயரைக் கொண்டு நாங்கள் ஒரு தாயை ஊகித்தோம். எனினும் ஊகத்தை அம்மாவிடம் உண்மையென்று சொல்ல எங்களுக்கு மனம் ஒப்பவில்லை.

அந்த வேளையில் உதவியவரைப் பற்றித்தான் இம்மடலில் நான் முதன்மையாக எழுத விரும்புகிறேன். அவர் அந்தப் பங்கிலேயே வாழும், பணி ஓய்வு பெற்ற ஓர் ஆசிரியை. எங்களுக்கு உறவினர் அல்லர், முன்பின் அறிமுகமும் இல்லை. பங்கு அலுவலகத்தின் முகவரியை மட்டும் கேட்டு நான் எழுதிய கடிதத்திற்கு, “உங்கள் தாயார் எப்படி இருக்கிறார்?” என்ற கேள்வியோடு அவருடைய பதில் தொடங்கியது. ரிச்சர்டு கிரிஃபித்தின் மேற்பார்வையில் 1847 முதல் 1864 வரை வெளியான நில மதிப்பீட்டில், ஒவ்வொரு டவுன்லாண்டிலும், அதாவது அயர்லாந்தின் மிகச் சிறிய நிலப் பிரிவிலும், நிலத்தையோ வீட்டையோ வைத்திருந்தவர் பெயர், அதைக் குத்தகைக்கு விட்டவர் பெயர், பரப்பு, மதிப்பு ஆகியவை உண்டு. மனைவி மக்களின் பெயர்கள் அதில் இல்லை. எங்கள் மூதாதையின் தந்தை பெயரில் அதே பங்கின் இரு டவுன்லாண்டுகளில் இருவர் இருந்ததால், அந்த மதிப்பீடு மட்டும் போதவில்லை. அதன் பின்னர் பல பத்தாண்டுகள் அதிகாரிகள் திருத்தி எழுதிவந்த கையெழுத்துப் பதிவேடுகள் டப்ளினில் இருப்பதை அவர் அறிந்திருந்தார். யாரும் கேட்காமலே ஒரு நாள் பேருந்தேறி அங்கே சென்றார்.

அப்பதிவேடுகளில் நிலம் கைமாறும்போது பழைய பெயரை அடித்து, மேலே புதிய பெயரை எழுதி, ஓரத்தில் ஆண்டைக் குறிப்பார்கள். எந்த மை நிறத்தில் திருத்தமோ அதே நிறத்தில் ஆண்டும் இருக்கும். ஆகவே நிறம் தெரியாமல் அந்தப் பக்கத்தைப் படிக்க இயலாது. இதை உணர்ந்த அவர், அங்கேயே அமர்ந்து, சிவப்பு, நீலம், பச்சை எனத் தம்மிடமிருந்த வண்ணப் பென்சில்களால் வரிக்கு வரி பார்த்து எழுதி, அடித்த கோட்டைக்கூட அடித்தபடியே வரைந்து, அந்தத் தாளை அஞ்சலில் அனுப்பிவைத்தார். ஒரு டவுன்லாண்டில் தந்தையின் பெயர் சிவப்பு மையால் அடிக்கப்பட்டு, அதற்கு மேலே ஒரு பெண்ணின் பெயர் எழுதப்பட்டிருந்தது. அது பரங்கிமலைச் சிறுமியின் பெயர். திருமுழுக்கு ஏட்டில் நாங்கள் ஊகித்திருந்த தாயின் பெயர். மற்ற டவுன்லாண்டில் நிலம் ஒரு மகனுக்குச் சென்றிருந்தது. கணவர் மறைந்தபின் நிலத்தைத் தம் பெயரில் காத்த அந்தத் தாயை, கடல் கடந்த மகன் தன் மகளின் பெயரில் நினைவு வைத்திருந்திருக்கிறார் என்றே நான் நம்புகிறேன்.

தாளை அம்மாவின் கையில் கொடுத்து, வரி வரியாகப் படித்துக் காட்டினோம். சிவப்புக் கோட்டை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, அந்த அம்மையாருக்கு உடனே எழுதச் சொன்னார். எழுதிவிட்டோம், எனினும் அவர் செய்தது எத்தகைய உதவி என்பதை இங்குள்ள நீங்களும் அறிய வேண்டும் என்பதற்காகவே பொதுவில் இதை எழுதுகிறேன்.

அவருக்குக் கைம்மாறு செய்ய வழி கேட்டபோது, தம் ஊரிலிருந்து இந்தியாவுக்குச் சென்று திரும்பாதவர்களின் கல்லறைகளைப் பற்றிக் கேட்போர் இன்றும் அங்கே இருக்கிறார்கள் என்று மட்டும் எழுதினார். ஆகவே, கோயில் நிர்வாகத்தின் இசைவோடு, பரங்கிமலையில் இன்னும் படிக்க முடிகிற அயர்லாந்துக்காரர்களின் கல்வெட்டுகளைப் படம் பிடித்து, பெயர், பங்கு, ஆண்டு வாரியாகத் தொகுத்து அவருக்கு அனுப்ப முடிவு செய்திருக்கிறோம். பணியை வரும் மாதமே தொடங்குகிறோம்; சிதைந்த எழுத்தைப் படிக்கத் தெரிந்தவர்கள் உடன் வருவதாயின் மகிழ்வோம்.

நன்றியுடன்,
அம்மாவும் பிள்ளைகளும்