கலிஃபோர்னியாவின் பே ஏரியா தமிழ்ப் பெற்றோருக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

மே மாதம் பிறந்ததும் நம் வாட்ஸப் குழுக்களில் ஒரே பேச்சுதான். கோடை விடுமுறையில் பிள்ளைக்குக் கால்குலஸ் எங்கே, பக்கத்துக் கம்யூனிட்டி காலேஜ்களான டி ஆன்சாவிலா, ஃபுட்ஹில்லிலா? எந்தப் பேராசிரியர் தாராளமாக மதிப்பெண் போடுவார், எந்த வகுப்பு நிரம்பிவிட்டது என்பதெல்லாம் நமக்கு அத்துப்படி. ஆனால் யாராவது தன் மகன் பள்ளி முடித்து அதே கம்யூனிட்டி காலேஜில், அதாவது இரண்டு வருட அரசுக் கல்லூரியில், சேர்ந்திருக்கிறான் என்று சொல்லிவிட்டால் போதும், "பரவாயில்லைங்க, ரெண்டு வருஷத்துல யுனிவர்சிட்டிக்கு டிரான்ஸ்ஃபர் பண்ணிக்கலாம்" என்று துக்கம் விசாரிப்பதுபோல் ஆறுதல் சொல்லக் கிளம்பிவிடுவோம்.

அந்த வழக்கை இன்னொரு நாள் வைத்துக்கொள்வோம். இன்று எனக்கு ஒரு வேண்டுகோள்தான். அந்தக் கல்லூரிகளுக்குள் ஆர்ட் காலரி இருக்கிறது. போய்ப் பாருங்கள். பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போங்கள்.

குபர்டினோவின் டி ஆன்சா கல்லூரியில் இருப்பது யூஃப்ரட் கலை அருங்காட்சியகம். பெயர்தான் பெரிது, இடம் அடக்கமானது. நுழைவுக் கட்டணம் கிடையாது. 1984 ஜனவரியில் ஸ்டீவ் ஜாப்ஸ் ஆப்பிளின் மேக்கின்டோஷ் கணினியைப் பையிலிருந்து எடுத்துக் காட்டியது இதே வளாகத்தின் ஃபிளிண்ட் சென்டர் மேடையில்தான். அந்தக் கதையை நம் ஆட்கள் ஊரிலிருந்து வரும் விருந்தாளிகளுக்கெல்லாம் சொல்வார்கள். யூஃப்ரட் எங்கே என்று கேட்டால் விழிப்பார்கள்.

பெரிய மியூசியங்களுக்கு நாமும் போகிறோம்தான். டிக்கெட் வாங்கி, ஊரறிந்த ஓவியத்தின் முன் படம் எடுத்துக்கொண்டு, கால் வலிக்க வெளியே வருகிறோம். கல்லூரிக் கலைக்கூடத்தில் நடப்பது வேறு. வசந்த காலத்தில் பல கல்லூரிகளில் மாணவர் கண்காட்சி வைப்பார்கள். மாணவர்கள் படைப்புகளைக் கொடுக்க, வெளியிலிருந்து வரும் நடுவர் ஒருவர் பொறுக்கி எடுப்பார். மாணவர் என்றால் பதினெட்டு வயதுப் பிள்ளைகள் மட்டும் என்று நினைக்காதீர்கள். பகலில் வேலைக்குப் போய்விட்டு மாலை வகுப்புக்கு வருபவர்கள் உண்டு, ஓய்வுபெற்றபின் முதல்முறையாகக் கரித்துண்டைக் கையில் பிடித்தவர்கள் உண்டு. கிட்டப் போய்ப் பார்த்தால் மண் ஜாடியின் உட்பக்கம் சக்கரத்தில் விரல் ஓடிய வரிவரியான தடம் தெரியும். கரி ஓவியத்தில் மூன்று தரம் அழித்து வரைந்த முழங்கையின் பழைய கோடுகள் சாம்பல் நிறத்தில் மிச்சமிருக்கும். கண்ணாடிக்குப் பின்னால் விளக்குப் போட்டு வைத்த மேதைகளிடம் இந்த அழித்தெழுதல் அவ்வளவு எளிதாகக் கண்ணில் படாது.

படங்களை மாட்டுவதிலும் மாணவர்கள் கை இருக்கும். டேப்பைப் பிடித்து, படத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து ஏறக்குறைய 57 அங்குலத்தில் வருமாறு பென்சிலால் குறித்து, ரசமட்டம் வைத்துச் சரிபார்த்து ஆணி அடிப்பார்கள். எந்தப் படத்துக்குப் பக்கத்தில் எது, எங்கே நிழல் விழுகிறது, பெயர் அட்டையில் எத்தனை வரி என்று அவர்களுக்குள் வாதம் நடக்கும். இதுவும் படிப்புதான்.

'சின்னக் கல்லூரியில் என்ன பெரிய கலை வந்துவிடப் போகிறது' என்பவர்களுக்கு இரண்டு செய்திகள். வின்சென்ட் பிரைஸ் என்ற ஹாலிவுட் பேய்ப்பட நடிகர் யேல் பல்கலைக்கழகத்தில் கலை வரலாறு படித்தவர். 1957-இல் அவரும் அவர் மனைவி மேரியும் தங்கள் சேகரிப்பிலிருந்து 90 கலைப்படைப்புகளைக் கொடுத்தார்கள். ஹார்வர்டுக்கு இல்லை, கிழக்கு லாஸ் ஏஞ்சலஸ் கம்யூனிட்டி காலேஜுக்கு. மெக்சிகோ வம்சாவளிப் பிள்ளைகள் நிறைந்த பகுதி அது. அச்சுப் படங்களை விட்டு அசலை மாணவர்கள் கண்ணால் பார்க்க வேண்டும் என்பது அவர்கள் எண்ணம். அவர்கள் கொடை பிறகும் தொடர்ந்தது. இன்று அங்கே அவர் பெயரில் ஒரு முழு அருங்காட்சியகம் இருக்கிறது.

இன்னொன்று நம் பக்கத்திலேயே. 1940-இல் சான் பிரான்சிஸ்கோவின் டிரெஷர் தீவில் நடந்த பொருட்காட்சியில், வேடிக்கை பார்க்க வந்த கூட்டத்தின் முன்னாலேயே டியேகோ ரிவேரா ஒரு சுவரோவியம் வரைந்தார். 22 அடி உயரம், 74 அடி நீளம். அதன் நடுவில் நிற்கும் உருவத்தில் பாதி கோட்லிக்வே என்ற ஆஸ்டெக் தெய்வம், மறுபாதி டெட்ராய்ட் கார் தொழிற்சாலையில் தகட்டை அழுத்தி வடிவமாக்கும் பிரம்மாண்ட இயந்திரம். லேப்டாப்புக்கும் காருக்கும் சந்தனம் குங்குமம் வைத்து ஆயுத பூஜை போடும் நமக்கு இதை யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. அந்த ஓவியம் 1961 முதல் அறுபது ஆண்டுகள் சான் பிரான்சிஸ்கோ சிட்டி காலேஜின் நாடக அரங்க முன்கூடத்தில்தான் இருந்தது. அதுவும் கம்யூனிட்டி காலேஜ்தான். 2021-இல் நகரின் நவீனக் கலை அருங்காட்சியகம் அதை இரவல் வாங்கிக் காட்டிய பிறகுதான் நம்மில் பலருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரிந்தது.

காசு கணக்குப் பார்ப்பவர்களுக்கும் ஒன்று சொல்கிறேன் (நானும் அந்தச் சாதிதான்). ஃபுட்ஹில், டி ஆன்சா கல்லூரிகளுக்காக 2020-இல் வாக்காளர்கள் ஒப்புக்கொண்ட கடன்பத்திரம் 89.8 கோடி டாலர். குபர்டினோ, சன்னிவேல், மவுண்டன் வியூ பக்கம் வீடு வைத்திருந்தால் சொத்து வரி ரசீதை எடுத்துப் பாருங்கள், உங்கள் பங்கு அதில் இருக்கும். நாம் பணம் கட்டும் இடத்துக்குள் நாமே போவதில்லை!

யூசி எனப்படும் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் கல்லூரிகளில் சேர எஃப் என்று ஒரு கட்டாயப் பாடம் உண்டு, ஒரு வருடக் கலைப் படிப்பு. நம் வீடுகளில் அது 'எஃப் முடிச்சாச்சா?' என்று கேட்டு டிக் அடிக்கும் ஒரு கட்டம். பள்ளிப் பிள்ளைகள் அந்தப் பாடத்தைக் கம்யூனிட்டி காலேஜிலும் எடுக்கலாம். எடுக்கிற பிள்ளை மண் பிசையவோ படம் வரையவோ போகட்டும், 'எது ஈஸி' என்று மட்டும் தேடித் தராதீர்கள். அப்புறம் அவள் செய்த கோணல் கிண்ணம் கண்காட்சிக்கு வந்தால் அரை நாள் லீவு போட்டுவிட்டுப் போய்ப் பாருங்கள். அரங்கேற்றத்துக்கு ஆயிரம் டாலர் கணக்கில் மண்டபம் பிடிக்கிறவர்கள்தானே நாம்.

கல்லூரிகளிடமும் ஒரு குறை உண்டு. இந்தக் கலைக்கூடங்கள் பெரும்பாலும் வார நாள் பகலில்தான் திறந்திருக்கும், கோடையில் மூடியிருக்கும். வேலைக்குப் போகிறவர்கள் எப்போது வருவது? இங்கேதான் தமிழ்ப் பள்ளி நடத்துகிறவர்களிடம் என் கோரிக்கை. இருபது குடும்பங்கள் சேர்ந்து, ஒரு சனிக்கிழமை காலை பிள்ளைகளுக்காகத் திறந்து வைக்க முடியுமா என்று மின்னஞ்சல் போட்டுக் கேளுங்கள். கேட்டால் என்ன, மிஞ்சிப்போனால் முடியாது என்பார்கள். போகிற அன்று பிள்ளைகளுக்கு ஒரே ஒரு வீட்டுப்பாடம் கொடுங்கள்: பிடித்த ஒரு படத்தின் முன் ஐந்து நிமிடம் நின்று, கண்ணில் பட்டதைத் தமிழில் ஐந்து வரி எழுத வேண்டும்.

தொடக்க நாள் மாலை ரிசப்ஷன் என்று அறிவிப்பு வந்தால் சாப்பாட்டை எதிர்பார்த்துப் போகாதீர்கள், சீஸ் துண்டும் திராட்சையும்தான் இருக்கும். ஆனால் வரைந்தவர்கள் தங்கள் படத்துக்குப் பக்கத்திலேயே நிற்பார்கள். எப்படிச் செய்தீர்கள் என்று கேளுங்கள், விடாமல் சொல்வார்கள். வண்டி நிறுத்த மட்டும் சில டாலர் ஆகும். அதைக் கட்டிவிடுங்கள், கல்லூரி போலீஸ் அபராதச் சீட்டு எழுதுவதில் கெட்டிக்காரர்கள்.

அன்புடன்,
சன்னிவேலில் இருந்து ஒரு பெற்றோர்